தரைக்கு ஒரு சாண் மேலே

முட்டைக்காரரின் வேன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கத் தொடங்கியது. அதுவரை அது எல்லா வேன்களையும் போலத் தரையில்தான் நின்றது. நின்றது என்பதைவிட உட்கார்ந்திருந்தது என்று சொல்லலாம், சஸ்பென்ஷன் அந்த அளவுக்குப் போயிருந்தது. குழியில் இறங்க வேண்டும் என்றில்லை, தூரத்தில் குழியைப் பார்த்தாலே உள்ளே முட்டை தட்டுத் தட்டாக உடைந்தது. "நான் கேட்டது முட்டை, ஆம்லெட் இல்ல. இன்னொரு தடவை இப்படி வழிஞ்சு வந்துச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று பேக்கரி முதலாளி சொல்லிவிட்டார். அந்த ஒரு பேக்கரியை நம்பித்தான் முட்டைக்காரர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மெக்கானிக்குக் குறைச்சல் இல்லை. மனைவியின் தம்பியே அடுத்த தெருவில் பட்டறை வைத்திருந்தான். ஆனால் முட்டைக்காரர் ஒருநாள் அவன் வீட்டில் சாப்பிட்ட கை காய்வதற்குள், "நட்டு திருகறதெல்லாம் ஒரு வேலையா மாப்ள?" என்று அவனிடமே கேட்டு வைத்திருந்தார். கேட்ட வாயை வைத்துக்கொண்டு அந்தப் பட்டறைப் படியேற முடியுமா? அதனால் செல்போனில் வீடியோ பார்த்தார். ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று இருந்தால் குழந்தைகூடச் செய்யலாம் என்று வீடியோவில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். மறுவாரமே அது வீட்டுக்கு வந்துவிட்டது: ஆள் உயர இரும்புச் சட்டம், நடுவில் ஜாக்கி, பக்கத்தில் பம்ப் அடிக்கும் பிடி. வாசலில் வைத்தால் திருடு போகுமாம். ஆகவே கட்டிலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே நின்றது. முதல் சோதனையாக மனைவியின் குக்கர் மூடியை அப்பளமாக்கிக் காட்டினார். அன்றிலிருந்து அவள் ஈரத்துணியை அந்த பிரஸ்ஸின் மேலேயே காயப்போட்டாள்.

வேனை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைத் தாங்கும் கையைக் கழற்றி, அதன் மூட்டில் தேய்ந்துபோயிருந்த ரப்பர் புஷ்ஷை பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார். அது டமாரென்று வெளியே வந்தபோது பக்கத்து வீட்டார் சிலிண்டர் வெடித்ததென்று தெருவுக்கு ஓடினார்கள். புது புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே இறக்கினார். நன்றாகவே இறங்கியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையைத் திரும்ப மாட்டி, ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகி, அதில் தொங்கி, போல்ட்டை இறுக்கினார். பிறகு பெருமையோடு ஸ்டாண்டுகளை உருவினார். வேன் இறங்கவில்லை. குனிந்து பார்த்தார். டயருக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை நிதானமாகப் போனது.

மனைவியே போய்த் தம்பியைக் கூட்டிவந்தாள். அவன் படுத்துப் பார்த்தான், எழுந்தான், கையைத் துடைத்தான்.

"மாமா, வண்டி தூக்கி நிக்கும்போதே இறுக்கிட்டீங்களா?"

"அப்புறம்? படுக்க வச்சா இறுக்குவாங்க?"

"தரையில அதோட கனத்துல நிக்கும்போதுதான் கடைசியா இறுக்கணும். ரப்பர் எந்த நிலையில இறுகுதோ அதையே தன் இடம்னு பிடிச்சுக்கும். சாதாரணமா ரப்பர் முறுக்கிக்கிட்டுச் சீக்கிரம் கிழியும். நீங்க இறுக்கின இறுக்குல அந்தரந்தான் தன் இடம்னு வண்டியே நம்பிடுச்சு."

அவிழ்த்து இறுக்கித் தருகிறேன், ஒரு வார்த்தை கேளுங்கள் போதும் என்றான். முட்டைக்காரர் கேட்கவில்லை. டீ மட்டும் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் பேக்கரிக்குச் சரக்கு போயாக வேண்டும். இன்ஜின் ஓடியது, சக்கரம் சுற்றியது, வேன் நகரவில்லை. மனைவி எரிச்சலில் ஒரு விரலால் தள்ளினாள். அது படகு மாதிரி தெருமுனைவரை போய் விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து முன்னால் கட்டி அவர் இழுத்தார். இறக்கத்தில் பிரேக் பிடிக்க ஏதும் இல்லாததால் பின்னால் இன்னொரு கயிற்றோடு அவள் நடந்தாள். "வேன்காரன் பொண்டாட்டின்னு வந்தேன், என்னையே பிரேக் ஆக்கிட்டீங்க" என்று வழியெல்லாம் சொன்னாள். பேக்கரியில் முதலாளி தட்டுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. வேனுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "முட்டை கொஞ்சம் சின்னது" என்றார். நாளைக்கும் கொண்டுவரச் சொன்னார்.

அப்புறம் வருஷங்கள் போயின. எடைமேடையில் ஏற்றிய அதிகாரி முள் அசையாததைப் பார்த்துக் காலி வண்டி என்று எழுதிக்கொண்டார். டயர் தேயவேயில்லை. போக்குவரத்துக் காவலர் ஆகாயம் தன் எல்லையில் வராது என்று விட்டுவிட்டார். அதே வீடியோவைப் பார்த்து இன்னும் சிலர் தங்கள் வண்டிகளைத் தூக்கி வைத்து இறுக்கினார்கள். ரப்பர் கிழிந்ததுதான் மிச்சம், அவர்கள் போதுமான அளவு தப்பாகச் செய்யவில்லை.

வேனை இழுத்து இழுத்துப் போன மாதம் முட்டைக்காரரின் முழங்கால் வீங்கிவிட்டது. அவரே பட்டறைக்குப் போய், "மாப்ள, நீ சொன்னது சரிதான். இறக்கிக் குடு" என்றார். மெக்கானிக் சிரிக்கக்கூட இல்லை, ஸ்பேனரோடு வந்து வேனுக்கடியில் படுத்தான். மனைவி பின்கயிற்றைக் கையில் சுற்றியபடி வெளியே வந்தாள்.

"எந்திரிடா. வண்டியை இறக்கிடுவ. ரோட்டை ஏத்துவியா?"

மெக்கானிக் தெருவைப் பார்த்தான். குழிகள் அவனைப் பார்த்தன. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டான். முன்கயிற்றை அவள் எடுத்துக்கொண்டாள், இழுப்பதைவிட இறக்கத்தில் பிடிப்பது முழங்காலுக்குச் சுலபம் என்று பின்கயிற்றை அவரிடம் கொடுத்தாள். பேக்கரிக்கு நேரமாகியிருந்தது. புறப்பட்டார்கள்.