ஆட்டுக்குளம்பு பதிந்த செங்கல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். நான் சொல்வது வேறு. 1974 தை மாதம், ஆனையூரில், ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் வாயால் சொன்ன பொய். சொல்ல ஐந்து வினாடிகூட ஆகியிருக்காது. பன்னிரண்டு வருஷமாக அதை எழுதப் பார்க்கிறேன்.

என்னைக் குடும்பக் கதை எழுதுகிறவளாக உங்களுக்குத் தெரியும். என் கதைகளில் பிரிந்தவர்கள் கடைசிப் பக்கத்துக்குள் சேர்ந்துவிடுவார்கள். இதிலும் ஒரு தம்பதி இருக்கிறார்கள். அவர்கள் பிரியவே இல்லை. அதனால்தான் சேர்த்துவைக்க வழி தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: "வேப்பமரத்துக்காகக் கூரையில் இடைவெளி விட்ட அந்த வீட்டில் அன்று..."

[அடித்துவிட்டேன். மரத்தில் ஆரம்பித்தால் வீடு அழகாகிவிடுகிறது. அன்று எங்கள் கண்ணுக்கு அது அழகாகப் படவில்லை.]

இரண்டாவது தொடக்கம்: "வெள்ளைத்துரை பிடிவாதக்காரர்."

[பொய். பிடிவாதக்காரராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பார்.]

சரி, நேராகவே சொல்கிறேன். வெள்ளைத்துரை கட்டடக்கலை படித்தவர். வடக்கே இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பி, தனக்கும் மனைவி ஜெயக்கொடிக்குமாக முதல் வீட்டைக் கட்டினார். ஜெயக்கொடி என் கல்லூரித் தோழி. நாங்கள் அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தோம்.

தாழ்ந்த கூரை, அதைத் தாங்கும் பனங்கைகள். அழகர்கோவில் பக்கம் உடைத்த பாறைக்கல்லில் ஒரு சுவர். மற்றதெல்லாம் பூசாத செங்கல். ஜன்னலுக்குத் துணி கிடையாது, கோரைப்பாய்தான். "எது எதுவோ அது அதுவாவே தெரியட்டும் ஜானு" என்பார் என்னிடம். "செங்கல்லுக்கு எதுக்கு வேஷம்?"

சூளையிலிருந்து வந்த கல்லை மூன்று மாதம் அவரே நிறம் பார்த்துப் பிரித்தார். ஒரு கல்லில் ஆட்டுக்குட்டியின் குளம்பு பதிந்திருந்தது. சுடுவதற்கு முன் பச்சைக் கல்லாகக் காய்ந்தபோது ஏதோ குட்டி மிதித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. கொத்தனார் அதைத் தூக்கி எறியப் போனார். ஜெயக்கொடி வாங்கி, வாசற்கதவுக்கு இடப்பக்கம் நெஞ்சு உயரத்தில் வைக்கச் சொன்னாள்.

அந்த நாட்களில் அவர் எந்த வரைபடத்தையும் முதலில் அவளிடம்தான் காட்டுவார். மாவுக்கையோடு அடுப்படியில் நிற்பவள் முன்னால் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, "சொல்லு, எங்க உறுத்துது?" என்பார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

பால் காய்ச்ச எட்டு நாள் இருந்தது. பெரிய ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்க வெள்ளைத்துரை மெட்ராஸ் போயிருந்தார். ஜெயக்கொடியின் அப்பா நல்லகாமன், உசிலம்பட்டிப் பக்கம் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி, தன் தங்கை ஒச்சாயியோடு வீட்டைப் பார்க்க வந்தார்.

ஒச்சாயி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏத்தா செயக்கொடி, மாப்ள வீடு கட்டுனாரா, சூளைய வெலைக்கு வாங்கிட்டாரா?"

"அத்தே..."

"சொந்தபந்தம் அம்புட்டும் வருமே. வீட்டுக்கு ஒரு சட்டையப் போட்டு விடக் கூடாதா? அம்மணமால்ல நிக்கிது!"

நல்லகாமன் சிரிக்கவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தார். "பூச்சு எப்பத்தா?"

ஜெயக்கொடி வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் தவிப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்னேன்:

"இன்னும் வேலை முடியலைப்பா. கொத்தனார் கிடைக்காம நிக்கறது."

அவ்வளவுதான் பொய். நல்லகாமன் முகம் தெளிந்தது.

"இம்புட்டுத்தானா? ஒரு வார்த்த சொல்லிவிட்டா ஆகாதா தாயி?"

4

மறுநாள் ஒச்சாயி ஜெயக்கொடியை ஊர் ஊராகக் கூட்டிப்போனார். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டும். வீட்டுக்காரி போகாவிட்டால் பாதிச் சொந்தம் வராது. அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் நல்லகாமன் பத்துக் கொத்தனார்களோடு லாரியில் வந்து இறங்கினார். மகள் பால் காய்ச்சினால் அண்டா, குத்துவிளக்கு என்று சீர் கொண்டுவருவார்கள். அவர் பூச்சைச் சீராகக் கொண்டுவந்திருந்தார்.

தண்ணீர்த் தொட்டிச் சாவி என்னிடம் இருந்தது.

"மகளுக்குத் தெரிய வேணாம் ஜானும்மா. வந்து பாத்து மலைச்சுப் போகட்டும்."

இங்கே ஒரு மாற்று வாக்கியம் உண்டு: 'அப்பா, அது பூசாமல் விடுவதற்கென்றே கட்டிய சுவர்' என்றேன்.

[எழுதிப் பார்த்தேன். எழுத எவ்வளவு சுலபமாக இருக்கிறது!]

சாவியைக் கொடுத்தேன். பதினோரு பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். அறுபது வயது மனிதர் சாந்துச் சட்டியைத் தானே தலையில் சுமந்தார், அப்படியொரு சந்தோஷம். அதைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் பொய் வெளியே வந்துவிடுமே என்று பயந்தேன்.

மூன்றாம் நாள் வாசல் சுவருக்கு வந்தார்கள். குளம்புக் கல்லின் மேல் கொத்தனாரின் கரணை போனபோது நான் திரும்பிக்கொண்டேன்.*

* பூச்சைக் கொத்தியெடுத்தால் என்ன என்று கேட்கும் வாசகருக்கு: செங்கல்லின் தோலும் சேர்ந்து வந்துவிடும். வெள்ளைத்துரையே இதைப் பின்னால் ஒருநாள் சொன்னார், வேறு யாரோ வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

5

ஜெயக்கொடியும் வெள்ளைத்துரையும் ஒரே நாள், ஒரு மணி நேர இடைவெளியில் திரும்பினார்கள். வைக்கோல் சுற்றிய கண்ணாடியை ஆட்கள் இறக்க, அவர் கேட்டைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன மாப்ள, பேச்சக் காணோம்? கொத்தனார் கெடைக்காம வேல நிக்கிதுன்னாக, நாந்தேன் ஆளக் கூட்டியாந்தேன். வெள்ளை மட்டுந்தேன் பாக்கி. ஈரம் காயட்டும்."

"நல்லாருக்கு மாமா."

மாமனாரின் முழங்கையில் காய்ந்திருந்த சிமெண்டைத் தட்டிவிட்டார். உள்ளே வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். குரல் உயராமல் மனைவியிடம் கேட்டார்.

"வேலை முடியலன்னு சொன்னியா?"

ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமா" என்றாள்.

நான் சும்மா நின்றேன்.

6

பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் இந்தக் கதையின் சிக்கல். பால் பொங்கியது. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நல்லகாமன் கண்மூடும்வரை, "எம் மக வீட்டுக்கு நாந்தேன் பூசிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைத்துரைக்கு வேலை குவிந்தது. கேட்டவர்களுக்குக் கேட்டபடி கட்டினார், பச்சையும் ரோஸுமாக. வரைபடத்தை மட்டும் அவளிடம் காட்டுவதில்லை. தான் கட்டிய வீட்டைப் பார்த்து வெட்கப்பட்டவள் என்று அவர்...

[முடிக்க முடியவில்லை. அவர் அப்படித்தான் நினைத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? காட்டுவதில்லை என்பது தெரியும்.]

ஒருமுறை ஜெயக்கொடியிடம் கெஞ்சினேன். "வெள்ளைத்துரை அண்ணாகிட்ட நான் சொல்லிடறேன்டி."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னன்னு சொல்லுவ? நீ வாயால சொன்ன, நான் மனசுல சொல்லிட்டு நின்னேன். அத்தை கேட்டப்ப எனக்கு வெக்கமாத்தானடி இருந்துச்சு. இல்லாட்டி அங்கனயே மறுத்திருக்க மாட்டேனா?"

இந்த இடத்தில்தான் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. அவள் சொன்னது உண்மையா, என்னைக் காப்பாற்றச் சொன்னதா? எழுதுகிறவள் நான்தான். ஆனாலும் தெரியவில்லை.

[பத்திரிகை ஆசிரியர் இங்கே, 'இந்தக் கதையையும் பூசாமல் விடுகிறேன்' என்று ஒரு வரி எதிர்பார்ப்பார். எழுத மாட்டேன். பூசாத ஒரு சுவருக்கு வெள்ளைத்துரை பட்ட பாட்டில் பத்தில் ஒன்றுகூட நான் படவில்லை.]

7

முடிவுகள்.

(அ) வெள்ளைத்துரை இந்தக் கதையைப் படிக்கிறார். எழுந்து அடுப்படிக்குப் போய்த் தாளை விரிக்கிறார். [வாசகிகள் கடிதம் போடுவார்கள். இப்படி முடித்தே நாற்பது கதை எழுதியிருக்கிறேன்.]

(ஆ) நான் சொல்லாமலே செத்துப்போகிறேன். [இதற்கு எந்த முயற்சியும் தேவையில்லை.]

(இ) போன மாதம் இந்தக் கையெழுத்துப் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போனேன். வாசற்கதவுக்கு இடப்பக்கம், நெஞ்சு உயரத்தில், வெள்ளைக்கு மேல் ஓரிடம் மட்டும் அழுக்கேறி வழவழவென்றிருந்தது. உள்ளங்கை அளவுதான்.

"வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறோம். திரும்ப வந்துருது. பிள்ளைக கைய வச்சு வச்சு..." என்றார் வெள்ளைத்துரை.

பிள்ளைகள் சைக்கிளை நிறுத்துவதும் ஓடுவதும் பின்வாசலில்.

உள்ளே மேஜையில் அவர் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். ஜெயக்கொடி காபியோடு வந்தாள். அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். கோபமில்லை, டம்ளர் வைக்க இடம் பண்ணுகிறவர்போல. அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

"என்ன ஜானு, பை கனக்குது? புதுக் கதையா? குடுங்க, இன்னிக்காவது படிக்கிறேன்."

என் கை பைக்குள் போயிற்று. ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். அதே பார்வை. சொல் என்கிறதா, வேண்டாம் என்கிறதா? பெண்களின் பார்வையை எழுதியே இருபது வருஷம் பெயர் வாங்கியவள் நான். எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். வரைந்த தாள் கவிழ்ந்தபடியே இருக்கிறது. அவர் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்.