லில்லியை நடக்கவைத்த கதை, அடித்தல் திருத்தல்களுடன்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் கலை ஆர்வமெல்லாம் காரணம் இல்லை. பயம்தான். எங்கள் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் மேனேஜர் கொச்சிக்கு மாற்றலாகிப் போகும்போது, "அருமைநாயகம், நாயை நீ வச்சுக்கோ" என்றார். நான் பதினோரு வருஷத்து குமாஸ்தா. மேனேஜர் கொடுத்தால் முதலையைக்கூட வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொல்லியிருப்பேன். அப்படித்தான் 1973 ஜனவரியில் லில்லி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெள்ளை நிறம், சின்ன உருவம். காய்கறிப் பையில் வைத்துத் தூக்கிவிடலாம்.

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டைப் பாருங்கள்:

"முத்துக்களை ஈன்ற கடலின் மடியில் அன்று..." (அடித்துவிட்டேன். இங்கே முத்துக்குளிப்பு நின்று பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இப்போது சங்குதான். தூத்துக்குடி என்றவுடன் முத்தை எடுத்துவிடுகிற எழுத்தாளனை நம்பாதீர்கள்.)

"லில்லி வெறும் நாய் அல்ல, அவள் ஒரு..." (ஒரு என்ன? நாய்தான்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2

புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் எங்கள் தெரு முனை வழியாகத்தான் போகும். லில்லிக்கு லாரி என்றால் உயிர். கதவு திறந்தால் போதும், பாய்ந்து போய்ச் சக்கரத்தைப் பார்த்துக் குரைப்பாள். இரண்டு தடவை டிரைவர் பிரேக் போட்டு, என் வம்சத்தையே இழுத்து ஏசிவிட்டுப் போனான்.

என் மனைவி தேவகனி, மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாசரேத்துக்காரி. வீட்டிலும் பரீட்சை வைப்பாள்.

"இன்னும் ஒரு வாரம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நீங்க இதைக் கயித்துல பிடிச்சு, பீச் ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போயிட்டு வரணும். முடியலன்னா அண்ணன்கிட்ட கொடுத்து விட்டுருவேன். லாரியில அடிபட்டுச் சாகறதுக்கு அது எவ்வளவோ மேல்."

அண்ணனுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வயல். லில்லியை நெற்களத்தில் ஒரு முளையில் கட்டிப்போடுவார். அவ்வளவுதான் அவள் வாழ்க்கை.

3

லில்லியைப் பழக்க வளனிடம் விட்டேன். ஏன் என்றால், "கயிற்றின் நுட்பம் அறிந்தவன் என்பதால்" என்று முதலில் எழுதியிருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை எவ்வளவு தூரம் தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிப்போடுவேன்.

வளன் பக்கத்து வீட்டுக்காரன். அவன் தங்கச்சி மாப்பிள்ளை கடலுக்கு அடியில் போய்ச் சங்கு எடுப்பான், வளன் வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பான்.* கீழே இருப்பவன் கயிற்றை இரண்டு தடவை வெட்டினால், அதாவது வெடுக்கென்று இழுத்தால், மேலே தூக்கு என்று அர்த்தம்.

(* கயிறு பிடிக்கப் பெண்டாட்டியின் அண்ணன் தம்பியைத்தான் நிறுத்துவார்கள் என்று வளன் சொன்னான். கூடப் பிறந்தவள் தாலி அறுவதற்கு எவனும் சம்மதிக்க மாட்டான் என்கிற கணக்கு. என் மச்சான் கையில் என் கயிறு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசனையைப் பாதியில் விட்டுவிட்டேன்.)

திங்கட்கிழமை காலையில் வளன் லில்லியைக் கூட்டிக்கொண்டு போனான். பத்தடி நடந்திருப்பார்கள். லில்லி காக்காயைப் பார்த்துக் கயிற்றை வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை இழுத்தாள். அவ்வளவுதான், வளன் கை ரெண்டும் மளமளவென்று கயிற்றைச் சுருட்டி, நாயை நெஞ்சுக்குத் தூக்கிவிட்டது. லில்லி திகைத்துப்போய் அவன் தாடையை நக்கினாள்.

"என்ன வளன், தூக்கிட்டே?"

"நான் எங்க தூக்குனேன் அண்ணாச்சி? கை தூக்கிட்டு! ரெண்டு தடவ வெட்டுச்சுன்னா கை யோசிக்காதுல்லா. யோசிச்சா மச்சான் செத்துருவான்."

வளன் லில்லியைப் பழக்கினானோ இல்லையோ, லில்லி வளனைப் பழக்கிவிட்டாள். புதன்கிழமைக்குள் அவளுக்குப் பாடம் தெளிவாகிவிட்டது. கொஞ்ச தூரம் நட, கால் வலித்தால் இரண்டு வெட்டு வெட்டு, உட்கார், அண்ணாந்து பார். ஆகாயத்துக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை வளன் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜோராக வந்தான். நடந்தது அவன் மட்டும்தான்.

4

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. கதை சிரிப்பாகவே போகிறதே, யார் மதிப்பார்கள்? ஆகவே எழுதினேன்:

"வளனின் மச்சான் போன வருஷம் கடலுக்கடியில் மூச்சடைத்து இறந்துபோயிருந்தான். அன்று கயிறு வெட்டியபோது வளன் ஒரு கணம் தாமதித்ததால்..."

எழுதிய கையோடு வளனுக்குப் படித்தும் காட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எதுக்கு அண்ணாச்சி அவனைக் கொன்னீய? இப்பதான் கருவாடு கொண்டாந்து குடுத்துட்டுப் போறான்."

"கதைக்கு ஒரு கனம் வேணும்லா, வளன்."

"கனம் வேணும்னா உங்க மச்சானைக் கொல்லுங்க!"

அவன் முகம் நிஜமாகவே சிவந்துபோயிருந்தது. நான் உடனே அடித்துவிட்டேன். (என் மச்சானையும் கொல்ல முடியவில்லை. தேவகனி எல்லாப் பிரதியையும் படிப்பாள், சிவப்பு மையோடு.)

5

முடிவு அ: ஞாயிற்றுக்கிழமை லில்லி ராணி மாதிரி நடந்தாள். பீச் ரோடே வியந்து பார்த்தது. தேவகனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். (ஓரத்தில் சிவப்பு மை: "நான் எப்போது துடைத்தேன்?")

முடிவு ஆ: லாரி வருகிறது. கயிறு நழுவுகிறது. வெள்ளையாக ஒரு சின்ன உருவம் சாலையில்

இதற்கு மேல் கை ஓடவில்லை. அந்த நாய்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். சொல்லிவிட்டேன், போதுமா?

முடிவு இ என்று ஒன்றும் யோசித்தேன். அதில் நான் செத்துப்போகிறேன். தேவகனி அதில் மட்டும் ஒரு திருத்தமும் போடவில்லை.

6

இனித் தள்ளிப்போட முடியாது. நான் ஏன் வளனிடம் விட்டேன்? வெட்கம்தான். பீச் ரோட்டுச் சுவரில் சாயந்திரமானால் எங்கள் ஆபீஸ் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வேட்டியும் சட்டையுமாக ஒரு குமாஸ்தா பொம்மை நாயைப் பிடித்துக்கொண்டு போனால் விடுவார்களா?

ஞாயிற்றுக்கிழமை விடவில்லை. நான் முன்னால் லில்லியோடு, தேவகனி நாலடி பின்னால். லில்லி, சொன்னால் நம்புங்கள், அந்தச் சுவர் வரைக்கும் அருமையாக நடந்தாள். சுவருக்கு நேரே வந்ததும் சொரிமுத்து எழுந்து நின்று சல்யூட் அடித்தான்.

"ஏலே, தொரை வாராருலே! எந்திரிங்கலே எல்லாரும்!"

பொன்னுதுரை நாய் மாதிரியே குரைத்தான். சுவரே சிரித்தது. லில்லி பயந்துபோய்க் கயிற்றை வெட்டினாள். ஒன்று. ரெண்டு. உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்தாள்.

குனிந்து தூக்கியிருக்கலாம். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

"மேனேஜர் நாய்ப்பா. என்னுது இல்ல" என்றேன்.

தேவகனி வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். ராத்திரி சாப்பாடு போடும்போதுதான், "தூக்கிட்டு நடந்திருந்தாக்கூட பாஸ் போட்டிருப்பேன்" என்றாள். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில், ராத்திரியே வந்து சேர்ந்திருந்த என் மச்சான் மடியில் லில்லி போய்விட்டாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவி.

7

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஸ்ரீவைகுண்டம் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். போய்க் கூட்டிக்கொண்டு வரவேண்டியதுதானே?

தேவகனியும் அதைத்தான் கேட்கிறாள். "இந்தக் கதையை எழுதுத நேரத்துக்கு மூணு தடவை போயிட்டு வந்திருக்கலாம்" என்று இப்போதுகூட அடுக்களையிலிருந்து சொல்லுகிறாள். நியாயம்தான். மூன்று வாரமாக எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போது போகவேண்டியதில்லை பாருங்கள்.

போகலாம். பிரச்சினை போவதில் இல்லை. திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு அந்தச் சுவரைத் தாண்டித்தான் வரவேண்டும்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். அவன் போனான், லில்லியைக் கூட்டி வந்தான் என்று நீங்கள் எழுதுவதாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். ஒரே ஒரு வேண்டுகோள். சுவரில் சொரிமுத்துவையும் பொன்னுதுரையையும் மறக்காமல் உட்கார வையுங்கள். அவர்கள் இல்லையென்றால் நான்கூடப் போய்விடுவேன்.