நியெவெஸின் முறை

இருபத்தாறு மணி நேரமாக நானும் அண்ணன் ஷூர்தேயும் மலைப்பாதைகளில் சீத்ரா என்னும் ஆப்பிள் மதுவைத் தேடிக்கொண்டிருந்தோம். ஹிஹோன் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மதுக்கடையை வாடகைக்குப் பிடித்திருந்தோம். மாதக் கடைசியில் திறப்பு. எங்கள் தெருவில் எல்லாக் கடைகளிலும் பெரிய ஆலைகளின் சீத்ராதான். வேறெங்கும் கிடைக்காத ஆப்பிள் மது ஒன்றாவது இல்லாவிட்டால் ஒருவரும் படியேற மாட்டார்கள் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் தன் படகை விற்றிருந்தான். நான் ஆய்வகத்து வேலையை விட்டிருந்தேன். வழியெல்லாம் பேசியது அவன், ருசி பார்த்தது நான். வேதியியல் படித்ததால் காடி வாடையும் கந்தகமும் எனக்கு உடனே பிடிபடும். அதையும் அவன் காதில் மட்டும்தான் சொல்வேன்.

சனிக்கிழமை பிற்பகல், பனிமூட்டத்துக்குள் அந்த ஊர் வந்தது. ஆலையும் மதுக்கடையும் ஒரே கட்டடம். பெயர்ப்பலகை இல்லை. உள்ளே ஒரு மேசையைச் சுற்றி வயதான மூன்று பேர், ஆலைக்காரர் செல்மோ, அவர் மனைவி எதெல்வினா. எங்களுக்கும் நாற்காலி போட்டார்கள். எனக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

எங்கும் போல மேசைக்கு ஒரே டம்ளர்தான். எதெல்வினா புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பருகே பிடித்த டம்ளரில் ஒரு வாய் ஊற்றினாள். வாங்கியவர் நுரை அடங்குவதற்குள் குடித்து, தன் வாய் பட்ட விளிம்பைக் கழுவுவதுபோல் கடைசிச் சொட்டைத் தரையின் மரத்தூளில் வீசிவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அடுத்தவர் முறை. நன்றாக ஊற்றத் தெரிந்தவர்கள் டம்ளரைப் பார்க்க மாட்டார்கள். எதெல்வினாவும் பார்க்கவில்லை. அவள் பார்வை என் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தது.

அண்ணன் குடித்த பிறகு டம்ளர் என் பக்கமாக நீண்டது. வாங்கிக் குடித்தேன். முதலில் புளிப்பு, பிறகு பச்சை வால்நட் தோலின் கசப்பு, கடைசியில் ஒரு குளிர்ச்சி. கல்கிணற்றுக்குள் தலையை நீட்டினால் முகத்தில் படுமே, அது. தேடி வந்தது இதுதான் என்று அண்ணனிடம் சொல்லத் திரும்பியபோதுதான் மேசையில் பேச்சு நின்றிருப்பது தெரிந்தது. ஒருவர் தொப்பியைக் கழற்றியிருந்தார். காலி நாற்காலியின் கீழே மரத்தூள் மற்ற இடங்களைவிட அதிகமாக நனைந்து கருத்திருந்தது. ஒரு சொட்டு வீசியதால் ஆன ஈரம் அல்ல அது. முழு வாயும் அங்கேதான் ஊற்றப்பட்டு வந்திருக்கிறது. நான் அந்த நாற்காலியின் முறையைக் குடித்துவிட்டேன்.

"குடிச்சுட்டா," என்றாள் எதெல்வினா. வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

யாருடைய முறை அது என்று அண்ணன் கேட்டான். எங்கள் பெண் நியெவெஸ், இப்போது வந்துவிடுவாள் என்றார் செல்மோ. மாடுகளைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்றார் ஒருவர். ஒவியேதோ நகரத்துக்குப் போயிருக்கிறாள் என்றார் இன்னொருவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அண்ணன் நேராக வியாபாரத்துக்கு வந்தான். நாங்கள் குடித்தது பழைய செஸ்ட்நட் மரப் பீப்பாய் ஒன்றிலிருந்து இறக்கியது. குளிர்காலம் முழுக்க எங்களுக்குப் போதுமான புட்டிகள் இருந்தன. ஆனால் பீப்பாய் இப்போது காலி; ஆப்பிள் பிழியத் தொடங்குவதற்குள் யாராவது உள்ளே இறங்கிக் கழுவியாக வேண்டும். காய்ந்து கிடந்தால் பலகை சுருங்கிவிடும், அப்புறம் அது விறகு. அதன் கதவு சின்னது, ஒல்லியானவர்கள்தான் நுழைய முடியும். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி வருடாவருடம் வந்துகொண்டிருந்தாள். இந்த முறை வரமாட்டேன் என்றுவிட்டாளாம். காரணம் சொல்லவில்லையாம். பீப்பாயைக் கழுவித் தருகிறவர்களுக்குத்தான் புட்டி என்றார் செல்மோ.

"இதானா விஷயம். என் தங்கச்சி எலிக்குஞ்சுங்க. எந்தப் பொந்து காட்டினாலும் போயிடுவா," என்றான் அண்ணன்.

"என்னம்மா, சம்மதமா? உங்க அண்ணன்தான் பேசறாரு. உனக்கு வாயே கிடையாதா?" என்றார் செல்மோ.

தலையாட்டினேன். எதெல்வினா என் தோள்களின் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே நிலவறை சுத்தமாக இருந்தது. பீப்பாய் என்னைவிட உயரம். கதவு அடியில், அடுப்பு வாய் அளவுக்கு. புளித்த மண்டியிலிருந்து வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும், வாடை இல்லாதது. மெழுகுவர்த்தி அணைகிற இடத்துக்குள் போகக் கூடாது என்பது ஆலைவீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஒரு பலகையில் மெழுகுவர்த்தியை ஒட்டி உள்ளே தள்ளிப் பார்த்தேன். சுடர் நேராக நின்றது. திருப்திப்பட்டு, செல்மோ அண்ணனைப் புட்டிகள் காட்ட மேலே அழைத்துப் போனார். எதெல்வினா எனக்கு ஒரு மேலங்கி கட்டிவிட்டாள். எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. முடிச்சுப் போட்டபின் அவள் கை என் முதுகிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

முதலில் ஒரு கை, பிறகு தலை, பிறகு பக்கவாட்டில் தோள்கள். உள்ளே என் மூச்சே எனக்குத் திரும்பக் கேட்டது. மண்டியிட்டு, தூரிகையால் பலகைகளைத் தேய்க்க ஆரம்பித்தேன். பின்பக்கம் மண்டி கெட்டியாகப் படிந்திருந்தது; அதைக் கிளறி, வாளித் தண்ணீர் விட்டேன். சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன.

"அந்தப் பின் மூலையையும் தேய்ச்சுடுடீ. போன தடவை விட்டுட்ட," என்றாள் எதெல்வினா வெளியிலிருந்து.

நான் வந்ததே முதல் தடவை. பக்கத்து ஊர்ப் பெண் என்று நினைத்துப் பேசுகிறாள் போலிருக்கிறது என்று எண்ணித் தேய்த்தேன். சூப் ஆறிக்கொண்டிருக்கிறது என்றாள். காலையில் போட்ட செருப்பு வாசலில் அப்படியே கிடக்கிறது, யார் எடுத்துவைப்பது என்று கேட்டாள். பிறகு நியெவெஸ் என்று கூப்பிட்டாள். வெளிச்சம் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவள் பாவாடை பீப்பாயின் வாயை முழுக்க அடைத்திருந்தது.

சுடரைப் பார்த்தேன். மெலிந்து, மஞ்சளாகி, திரியைவிட்டு விலகப் பார்த்தது. கிளறிய மண்டியிலிருந்து வாயுக் குமிழ்கள் வந்துகொண்டிருந்தன. சுடருக்குப் போதாத காற்று எனக்கு எவ்வளவு நேரம் போதும் என்று படித்திருக்கிறேன். இப்போது அது நினைவுக்கு வரவில்லை. எழுந்து நின்று முகத்தை உயர்த்திக்கொண்டேன்.

"நகருங்கம்மா," என்றேன். எப்போதும் போல என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இன்னும் முடியலையேடீ. முழுசா முடிச்சுட்டு வா. இந்தத் தடவை நான் எழுந்து எங்கயும் போகமாட்டேன். இங்கயேதான் இருக்கேன்."

கோபமே இல்லாத குரல். காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்பது புரிந்தது. முடித்துவிட்டேன் அம்மா என்று நியெவெஸாகவே பதில் சொன்னால் எழுந்து வழிவிடுவாள் என்று தோன்றியது. சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பெயரில் ஒரு தடவை பதில் சொல்லிவிட்டால், வெளியே போகிறவள் யார் என்று ஒரு பயம் வந்தது. காதுக்குள் இரைச்சல் தொடங்கியிருந்தது. மெழுகுவர்த்தி அணைந்தது.

குனிந்து, கதவு இருந்த திசையில் தூரிகைக் கட்டையால் பலகையை ஓங்கி அடித்தேன்.

"நான் ஒலாயா. மேல இருக்கறது என் அண்ணன். உங்க பொண்ணு எங்கம்மா?"

அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. பீப்பாய் முழுக்க அந்தக் கேள்வி சுற்றி வந்தது. வெளியே அசைவில்லை. கடையில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். பிறகு துணி உரசியது. இருட்டின் அடியில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்து அகன்றது. அதன் வழியாக ஒரு கை உள்ளே வந்து, ஈரப் பலகைகளைத் தடவித் தடவி என் மணிக்கட்டைப் பிடித்தது. இழுத்தது. தலை வெளியே வந்ததும் தரையில் கன்னத்தை வைத்து மூச்சு வாங்கினேன். நிலவறைப் படியில் அண்ணன் ஓடிவரும் சத்தம் கேட்டது. எதெல்வினா கையை விடவில்லை. என் முகத்தை அவள் பார்த்தது அப்போதுதான்.

"செத்துட்டா," என்றாள். "இதுக்குள்ளதான் செத்தா."