நசீறாவுக்குச் சொன்ன ஹலால்

உம்மா மௌத்தாகி மறுநாள் காலை கொழும்பு ரயிலில் வந்திறங்கிய என் தங்கை நசீறா, எங்கள் உப்புக்குளத்து வீட்டு வாசலிலேயே விழுந்து புரண்டு அழுதாள். அதோடு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அவள் பக்கம் போய்விட்டார்கள். "பாவம், உம்மாவை உயிரோட காணக் கிடைக்கேல்லையே" என்று ஒருத்தி தலையைத் தடவினாள். இன்னொருத்தி ஓடிப்போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். எட்டு வருடம் உம்மாவைத் தூக்கி வைத்துக் குளிப்பாட்டிய நான் சுவரோரம் நின்றேன். என்னிடமும் ஒருத்தி வந்தாள்.

"குல்சூம், வந்த ஆக்கள் இருக்க இன்னும் ரெண்டு கதிரை கிடக்கா?" என்று கேட்டாள்.

ஒளித்துப் பேச எனக்குத் தெரியாது. எனக்குப் பொறாமைதான்.

தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கிய இரண்டாம் வருடம் உம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்தது. அன்றிலிருந்து படுக்கைதான். நசீறாவைக் கொழும்பில் கடை வைத்திருந்த சனூனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஒரு டின் பிஸ்கட்டோடு வருவாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று அளந்து வைத்தாற்போல, நாலாம் நாள் போய்விடுவாள். அந்த மூன்று நாளும் உம்மா சிரித்த முகமாக இருப்பார். நாலாம் நாள் நான் ஊட்டும் கஞ்சியைத் துப்புவார்.

ஒருமுறை அரசாங்க ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து உம்மாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் கிடக்கிற மனுசிக்கு முதுகில ஒரு புண்ணும் இல்லையே!" என்று அதிசயப்பட்டார். நான் அதை உம்மாவின் காதில் சத்தமாகச் சொன்னேன். உம்மா சொன்னது: "நசீறா பக்கத்தில இருந்திருந்தா இன்னும் நல்லாப் பாத்திருப்பாள்." முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

எங்கள் பக்கத்தில் தாய் சாகக் கிடக்கும்போது பிள்ளை கேட்க வேண்டிய ஒன்று உண்டு. குடித்த பாலை எனக்கு ஹலாலாக்கித் தாங்கோ என்று கேட்க வேண்டும். தாய் 'ஹலால்' என்று வாயால் சொல்லிவிட்டால், பாலின் பாரம் பிள்ளையின் தலையிலிருந்து இறங்கிவிடும். நான் கேட்கவில்லை. கேட்டால், நீங்கள் சாகப் போகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

கடைசி நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவுக்கு மூச்சு இழுத்தது. கண்ணில் பூ விழுந்து ஆளையே தெரியாது, காதும் மந்தம். காலையிலேயே கொழும்புக்குத் தந்தி அடித்தாயிற்று. "நசீறா வந்திட்டாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பவும் கேட்டார். எத்தனை தரம் கேட்டார் என்று எனக்கு நினைவில்லை. கடைசியில் நான் குனிந்து, "ஓம் உம்மா, நசீறாதான் வந்திருக்கிறன்" என்றேன்.

இரக்கத்தில் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். அவள் வந்தால் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கத்தான் சொன்னேன்.

உம்மா கையைத் தூக்கி என் தலையில் வைத்தார். "நான் தந்த பால் உனக்கு ஹலால், மகள் நசீறா" என்றார். பிறகு பேச்சில்லை. பொழுதுபட்டு மஃரிபு ஆவதற்குள் எல்லாம் முடிந்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதும் வரைக்கும் நசீறா இங்கேயே தங்கினாள். உம்மாவின் கட்டிலில் படுத்தாள். வந்தவர்கள் அவளோடு அழுதார்கள். நான் வந்தவர்களுக்குச் சமைத்தேன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "பாலை ஹலாலாக்கிக் கேக்கக் கிடைக்கேல்லையே" என்று அவள் தினமும் புலம்பினாள். ஒரு சொல் சொன்னால் அந்த அழுகை நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

கத்தம் ஓதி முடிந்து எல்லாரும் போன பிறகு, அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க கொடுத்து வெச்சவ, ராத்தா. உம்மா உங்களுக்கு ஹலாலாக்கிப் போட்டுத்தானே போனா."

கொடுத்து வைத்தவளாம்! எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நடந்ததை ஒன்று விடாமல் கொட்டினேன். "பால் உனக்குத்தான் ஹலால், போ! எனக்கு ஒண்டும் இல்லை!" என்று கத்தினேன்.

நசீறா பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் கறுத்தது.

"நாப்பது நாளா இதை வாயில வெச்சிருந்தீங்களே! பேர் எனக்கு, கை உங்கட தலையில. அந்தக் கையை நான் எங்க போய்த் தேட?"

எனக்கு இல்லாத ஒன்றுக்காக என்மேல் பொறாமைப்படுகிறாளே என்றிருந்தது. ஆனால் அந்தக் கை என் தலையில் இருந்தது உண்மைதான். அதன் சூடுகூட எனக்கு நினைவிருந்தது.

"அடக்கத்துக்குச் சந்தூக்கைத் தூக்கேக்க லெப்பை கேட்டாரே, மையித்துப் பட்ட கடனை எல்லாரும் ஹலாலாக்குங்கோ எண்டு" என்றாள் நசீறா. "ஊரே சொல்லிச்சு. நீங்க சொன்னீங்களா?"

சொல்லவில்லை. எல்லாரும் ஹலால், ஹலால் என்றபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அவ உங்களிட்ட எட்டு வருஷம் குடிச்ச கஞ்சி, ராத்தா. அதுக்கு அவ ஆரிட்டப் போய்க் கேப்பா?"

நான் கட்டிலைப் பார்த்தேன். பாயைச் சுருட்டி எடுத்திருந்தார்கள். வெறும் பலகைதான் கிடந்தது. போய் அதன் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஹலால், உம்மா" என்றேன். "குடிச்சதும் ஹலால், துப்பினதும் ஹலால்." நாற்பது நாளாக வராதது அப்போது வந்தது. "ஆனா ஒருக்காவாவது குல்சூம் வந்திட்டாளா எண்டு கேட்டிருக்கலாமே, உம்மா."