பலகையில் எழுதிய சூடு

காலை ஐந்து மணி. லாசரஸ் ஏழாவது கொட்டடியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தான். இரவெல்லாம் மூத்திரம் ஊறிய மரத்தூளிலிருந்து எழுந்த நெடி கண்ணைக் கரித்தது. பதினான்கு வருடங்களில் ஒருநாள்கூட அந்த நெடி அவனுக்கு அருவருப்பாக இருந்ததில்லை. அது மிருகத்தின் நெடி. அதில் ஒளிவுமறைவு கிடையாது.

தள்ளுவண்டியை வெளியே விட்டு வந்து, குனிந்து குதிரையின் கால்களைத் தொட்டான். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். உள்ளங்கை காய்த்துப்போய்விட்டது. அதற்குச் சூடு தெரியாது. முதலில் இடது முன்னங்கால், பிறகு வலது, மறுபடியும் இடது.

இடது கால் கொதித்தது.

பந்தயச் சீட்டில் அவள் பெயர் கச்சாங் குயின். மலாயில் கச்சாங் என்றால் கடலை, பயறு. லாயத்தில் எல்லாருக்கும் பட்டாணி. இரண்டு வயது, எலும்பு இன்னும் முழுதாக இறுகாத வயது. சனிக்கிழமை, இரண்டு வயதுக் குதிரைகளுக்கான ஆயிரத்து நூறு மீட்டர் பந்தயத்தில் அவள் ஓட வேண்டும்.

லாசரஸ் நேரே வாசலில் இருந்த கரும்பலகைக்குப் போனான். பன்னிரண்டு குதிரைகளுக்குப் பன்னிரண்டு வரி. பார்த்துக்கொள்ள நான்கு பேர், ஆளுக்கு மூன்று குதிரை. கால் சரியாக இருந்தால் ஒரு டிக் போட வேண்டும், இல்லையென்றால் 'சூடு' என்று எழுத வேண்டும். எப்போதோ முதலில் வேலைக்கு வந்த தமிழ் ஆட்கள் தொடங்கிவைத்த வழக்கம். ஏழரைக்குச் சுற்றி வரும் மிருக வைத்தியர் வெள்ளைக்காரர். தமிழில் அவருக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் அதுதான். அந்தச் சொல் இருந்தால், அவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை குதிரை ஓடுதளத்தில் இறங்கக் கூடாது.

ஏழாம் வரியில் 'சூடு' என்று எழுதினான்.

"எழுதிட்டியா?" என்றாள் வாளியோடு வந்த சாமுண்டீஸ்வரி. நால்வரில் அவள் ஒருத்திதான் பெண், சிங்கப்பூரிலேயே பிறந்தவளும் அவள்தான். "பாஸ் இன்னிக்கு கூட்டாளிங்களோட வர்றாரு லா. அழிச்சிடுவாரு."

"அழிக்கட்டும். என் கண்ணு முன்னாடி அழிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். காலைச் சவாரி செய்யும் வெங்கடேஷ் இடுப்பெலும்பு நொறுங்கி அங்கே கிடந்தான். மூன்று வாரத்துக்கு முன்பு அவனுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த குதிரையின் கால் முறிந்துவிட்டது. "அன்னிக்கு போர்டுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டான். அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒலி முகம்மது 'சூடு' என்று எழுதியிருந்தான். அதை அழித்து டிக் போட்டது லாயத்து முதலாளி மார்வின் பாஸ். நான்கு பேரும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். திரும்பி வரும் வழியில் ஃபேரர் பார்க் கடையொன்றில் சாப்பிட உட்கார்ந்தபோது ஒலி முகம்மது புரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தான்.

ஆறரைக்கு மார்வின் வந்தான். வெள்ளைச் சப்பாத்து, கூடவே இரண்டு நண்பர்கள், மூவர் மேலும் சேர்ந்து ஒரு போத்தல் வாசனைத் தைலம். ஒருவன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டான்.

"நம்ம லாயத்துல சனிக்கிழமைக்கு மூணு பேர்," என்று மார்வின் கொட்டடிகளிலிருந்த குதிரைகளைக் காட்டி ஆரம்பித்தான். "இவன் அறுநூறு மீட்டரை முப்பத்தாறு செகண்ட்ல போறான். கேட் தொறந்தா புல்லட். ஆனா கடைசி இருநூறுல மூச்சு வாங்கிடும். அடுத்தவன் சூடு பிடிக்கவே ஆயிரம் மீட்டர் ஆகும், அதுக்குள்ள ரேஸ் முடிஞ்சிடும். பக்கத்து லாயத்துல ஒருத்தன், நாம பயப்படற மாதிரி இருந்தான். அவனுக்குக் குலுக்கல்ல வெளிப்பக்கம் கடைசி கேட் விழுந்துடுச்சு. வளைவுலயே போச்சு. ரேஸ் இவளோடதுதான்."

பட்டாணியின் உதட்டை விரலால் பிதுக்கிப் பல்லைக் காட்டினான். அவள் காதைப் பின்னுக்கு மடித்தாள்.

லாசரஸும் தன் மனசுக்குள் எடைபோட்டு வைத்திருந்தான். முதலாமவன் நேற்றுத் தீனியில் பாதியை மிச்சம் வைத்தான். இரண்டாமவனுக்குக் கூட்டம் ஆகாது. பட்டாணி மெய்யாகவே வேகம். வலியைக் காட்டிக்கொள்ளாமல் ஓடுவாள். கால் போகும்வரை ஓடுவாள்.

"இந்த ஆளு எப்படி?" கைக்குட்டைக்காரன் லாசரஸைக் காட்டினான்.

மார்வின் லாசரஸின் தோளைத் தட்டினான், குதிரையைத் தட்டுவதுபோல. "இவனா? பதினாலு வருஷம் ஓடிட்டான். முட்டி போச்சு. ரேஸ் கிரவுண்டு மூடினதும் ஏத்தி அனுப்ப வேண்டியதுதான்."

மூவரும் சிரித்தார்கள். சாணி நாற்றத்தில் வராத குமட்டல் அந்தத் தைல வாசனையில் வந்தது.

பிறகுதான் மார்வின் பலகையைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் அந்தச் சொல்லின் உருவம் தெரியும். உள்ளங்கையால் அழித்து டிக் போட்டான்.

"பிரபாகர், ஏறு. டாக்டர் வர்றதுக்குள்ள ஒரு ரவுண்டு முடிச்சிடணும்."

இளம் ஜாக்கி பிரபாகர் கையில் சேணத்தோடு நின்றான்.

"கால் கொதிக்குது, பாஸ்," என்றான் லாசரஸ். "தொட்டுப் பாருங்க."

"நான் எதுக்குத் தொடணும்? இன்னும் ஆறு மாசத்துல கிரவுண்டையே மூடறாங்க. அவ ஜெயிச்சா மலேசியாவுல எவனாச்சும் வாங்குவான். ஓடலேன்னா எவனுக்கும் வேணாம்."

"பிரபாகர் விழுந்தா?"

"இன்ஷூரன்ஸ் இருக்கு லா."

லாசரஸ் சுண்ணக்கட்டியை எடுத்து மறுபடியும் 'சூடு' என்று எழுதினான். மார்வின் மறுபடியும் அழித்தான்.

"இன்னொரு தரம் எழுதினா பெர்மிட் கேன்சல். நாளைக்கே ஃப்ளைட்."

ஊரில் மகள் பெதானி நர்ஸிங் இரண்டாம் வருடம். லாசரஸின் கை பாதியில் நின்றது.

அந்தக் கையிலிருந்து சுண்ணக்கட்டியை யாரோ வாங்கினார்கள். ஒலி முகம்மது. தன்னுடைய மூன்று வரிகளிலும் இருந்த டிக்கை அழித்து, நிதானமாக 'சூடு' என்று எழுதினான்.

"டேய், உன் குதிரைக்கு என்ன?"

"குதிரைக்கு ஒண்ணுமில்ல பாஸ். எனக்குத்தான்."

அடுத்து சாமுண்டீஸ்வரி. பள்ளியோடு தமிழை விட்டவள். 'சுடு' என்று மூன்று தரம் எழுதினாள்.

"அக்கா, சுழியக் காணோம். இது துப்பாக்கிக்காரனுக்குச் சொல்றது," என்றான் ஒலி முகம்மது.

"இருக்கட்டும் லா. அதுவும் சரிதான்."

எப்போதும் வாய் திறக்காத ஞானசேகரன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். தன் மூன்று வரிகளோடு, அக்காவின் மூன்று சுழிகளையும் சேர்த்துப் போட்டான். பிறகு சுண்ணக்கட்டியை லாசரஸிடம் நீட்டினான். லாசரஸ் மிச்சமிருந்த மூன்று வரிகளையும் நிரப்பினான்.

"இது என்ன பைத்தியக்காரத்தனம்?" மார்வினின் கழுத்து சிவந்தது. "நாலு பேரையும் அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க," என்றான் ஒலி முகம்மது. "நாளைக்குக் காலையில பன்னெண்டு குதிரைக்கும் சாணி யாரு அள்ளுவா? உங்க கூட்டாளிங்களா? சூடு சொரணைன்னு சொல்லுவாங்களே பாஸ், அதுல பாதிய எழுதியிருக்கோம். மூணு வாரத்துக்கு முன்னாடியே எழுதியிருக்கணும்."

"பிரபாகர், நீ ஏறு!"

பிரபாகர் சேணத்தைக் கம்பியில் மாட்டினான். "வெங்கடேஷ் அண்ணன் ஏறினாரு, பாஸ். நான் ஏறல."

மார்வின் பலகையை நோக்கி வந்தான். ஐந்து பேரும் அதன் முன்னால் நின்றார்கள். யாரும் கையை ஓங்கவில்லை. எழுத்து கலைந்துவிடக் கூடாதென்று முதுகு பலகையில் படாமல் நின்றார்கள். அரை மணி நேரம் அப்படியே நின்றார்கள். வெளியே வெளிச்சம் வந்தது. கைக்குட்டைக்காரன் காருக்குப் போய்விட்டான்.

வைத்தியரின் வண்டி வந்து நின்றது. ஐந்து பேரும் விலகி வழிவிட்டார்கள். அவர் பலகையைப் பார்த்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உதடு அசைந்தது. பன்னிரண்டு தரமும் ஒரே சொல். திரும்பி அவர்களைப் பார்த்தார். மார்வின் இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொல்லத் தொடங்கினான். அவர் பையைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் என்ன எழுதுவார் என்று தெரியாது. நாளைக்கு பெர்மிட் இருக்குமா என்றும் தெரியாது. லாசரஸ் சுண்ணத்தூளைச் சட்டையில் துடைத்தான்.

"முதல்ல ஏழாம் நம்பர், டாக்டர்," என்று முன்னால் நடந்தான்.

மற்ற நான்கு பேரும் கூடவே நடந்தார்கள்.