ஓசி மூஞ்சி

என் தங்கைக்கு மூஞ்சி செய்கிற உத்தியோகம். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அதுதான் வேலை. செல்போன் விளையாட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் முடி, மூக்கு, சட்டை என்று தங்களுக்குப் பிடித்த உருவத்தைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு துப்பாக்கியும் கையுமாக ஓடுவார்களே, அந்த உருவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் முகம் செய்து கொடுப்பாள்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தேன். எனக்கு, குழந்தைகளுக்கான பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. அலறுகிற பிள்ளைகளுக்கும் அதட்டுகிற தாய்மார்களுக்கும் நடுவில் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சிரிப்பையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன். தங்கை கேமராவை எடுத்து, அசையாமல் இரு என்று முன்னால், பக்கத்தில், தாடைக்குக் கீழே என்று எடுத்துத் தள்ளினாள். முகமாவது கழுவிக்கொள்கிறேனே என்றேன். வேண்டாம் என்றாள். தலையாவது வாரிக்கொள்கிறேனே என்றேன். அதுவும் வேண்டாமாம். புது விளையாட்டில் என் முகத்தை வைக்கப்போகிறாளாம்.

எங்கள் வீட்டில் மூக்கும் முழியுமாக இருந்தது நான்தான். அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆகவே எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, இத்தனை நாள் கழித்தாவது புத்தி வந்ததே என்றுதான் நினைத்தேன். ராணியா, தளபதியா என்று கேட்டேன்.

"விளையாட வர்ற எல்லாரும் முதல்ல பாக்கப்போற முகம் உன்னோடதுதான்க்கா" என்றாள்.

பாவி, பொய் சொல்லவில்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தவளையே கூச்சப்படும்படி கத்தினேன். டாக்டரிடம் சொன்னேன், நர்ஸிடம் சொன்னேன், பல் பிடுங்க வந்த பிள்ளைகளின் அம்மாக்களைப் பிடித்து வைத்துச் சொன்னேன். மகளின் வகுப்பு டீச்சர் வரைக்கும் போய்ச் சொன்னேன். மகள் தன் பங்குக்கு வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தாள். ஒருத்தருக்கும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது யார் முகம் என்று ஈ காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

விளையாட்டு வெளியான அன்று மகள் டேப்லெட்டைத் திறந்தாள். நான் ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் ஒரு பக்கம். முதலில் வந்தது நான்தான். கண்ணுக்குக் கீழே பை, ஒரு பக்கம் இறங்கிய வாய், கன்னத்தில் ஒட்டிக்கொண்ட முடி, சாம்பல் நிறச் சட்டை. பக்கத்தில் 'இலவச முகம்' என்று எழுதியிருந்தது. கீழே தகதகவென்று ஒரு பட்டன்: 'மாற்ற வேண்டுமா?' மாற்றக் காசு. காசு கட்ட மாட்டேன் என்பவர்கள் என் மூஞ்சியோடு திரிய வேண்டியதுதான். வீட்டுக்காரர் அச்சு அசல் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும்.

பிள்ளைகள் அதற்கு 'ஓசி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரியில் நான் ஓசி ஆன்ட்டி. பல்வலியில் வீங்கிய கன்னத்தோடு வந்த பையன் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டினான். அவன் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் மரியாதையான மனுஷர். பிள்ளைகள் ஒரே கூச்சல் போடுகிறார்கள், கொஞ்ச நாள் உள் அறையில் கருவிகளைக் கழுவி அடுக்குங்களேன் என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். மகள் விஷயம்தான் பொறுக்க முடியவில்லை. சொந்த முகத்துக்கே பவுடர் வாங்க யோசிக்கிற வீட்டில் பொம்மை முகத்துக்குக் காசா என்று நான் ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அதனால் அவள் வகுப்பிலேயே அம்மாவின் மூஞ்சியை மாட்டிக்கொண்டு ஓடியவள் என் மகள் ஒருத்திதான். பள்ளி விட்டு வந்ததும் அந்தப் பிள்ளைகள் எல்லாம் அந்த விளையாட்டுக்குள்தான் கூடும். ஓசியை முதலில் போடு என்பது அவர்கள் சட்டம். தினமும் முதலில் சாகிறவள் இவள். பிறகு பள்ளியிலும் இவளுக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வாசலில் நான் நிற்பதைப் பார்த்தால் குனிந்து ஷூ லேசைக் கட்ட ஆரம்பித்துவிடுவாள், மற்ற பிள்ளைகள் போய் முடிகிற வரை கட்டிக்கொண்டே இருப்பாள். உலகமே என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், நாசமாய்ப் போகட்டும். பெற்ற பிள்ளை என்னைப் பார்த்துத் தலைகுனிந்தால் நான் எங்கே போய் நிற்பேன்?

நேரே தங்கையின் ஆபீசுக்குப் போனேன். அவளுக்குத் தனியாகக் கண்ணாடி அறை கொடுத்திருந்தார்கள். சுவர் முழுக்க மூஞ்சிகள். கூடப் பிறந்தவள் செய்கிற காரியமா இது, அசிங்கமாக ஒரு மூஞ்சி வேண்டுமென்றால் உனக்கு என் மூஞ்சிதானா கிடைத்தது என்று கத்தினேன். அவள் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு, பாடம் எடுப்பதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"அசிங்கமா ஒண்ணும் தேடலக்கா. அசிங்கமான மூஞ்சின்னா ஜாலிக்கு வச்சுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. அதுல கம்பெனிக்கு லாபம் இல்ல. பாவமா இருக்கணும். பாவமா இருக்கற மூஞ்சிய யாரும் வச்சுக்க மாட்டாங்க."

இதற்கு முன்னால் அவள் செய்த இலவச முகங்களைப் பாதிப் பேர் மாற்றவே இல்லையாம். என்னுடையதைப் பார்த்த நிமிஷமே காசைக் கட்டிவிட்டு ஓடுகிறார்களாம். இந்தக் கண்ணாடி அறையே அதற்குத்தானாம். அதில் எனக்கும் பெருமை இருக்க வேண்டும் என்பதுபோல் பார்த்தாள். அறையக் கை ஓங்கினேன். அவள் ஒதுங்கவில்லை, என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். கோபத்தில் என் கன்னம் எப்படித் துடிக்கிறது என்று மனசுக்குள் குறித்துக்கொள்கிறாளோ என்று பயம் வந்து கையை இறக்கிவிட்டேன்.

அப்புறம் கெஞ்சினேன். எனக்காக வேண்டாம், பிள்ளைக்காக அதை எடுத்துவிடு என்றேன். எடுக்க முடியாது என்றாள். ஆனால் பிள்ளை பெயரைச் சொன்னதும் இளகிவிட்டாள். விளையாட்டில் உள்ள எந்த முகத்தையும் எந்த உடுப்பையும் மகள் எடுத்துக்கொள்ளட்டும், காசு வேண்டாம் என்று அங்கிருந்தே மகளின் டேப்லெட்டுக்கு அனுப்பிவைத்தாள். உன் பிச்சை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். மகள் அந்த வாசலில் ஷூ லேசைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் கண்ணுக்குள் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

மகள் துள்ளிக் குதித்தாள். உடனே சித்திக்குப் போன் போட்டு, சித்தி, நீங்கதான் என் செல்லம் என்றாள். எதிரே நின்ற என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கூர்மூக்கு, வெள்ளி முடி, பச்சைக் கண் என்று ஒரு முகத்தை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே அந்தப் பிள்ளைகள் அவளைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுப்படியில் இருந்தபோது அவள் சிரிப்பது கேட்டது. அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பளிச்சென்று இன்னொரு விளக்கையும் போட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். திரையில் அவள் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுவரோரம் சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு என் மூஞ்சி நின்றது. யாரோ புதுப் பிள்ளை, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தது. கூட்டத்தில் மற்ற எல்லோருக்கும் முந்திக்கொண்டு என் மகள் சுட்டாள். என் மூஞ்சி மண்ணில் விழுந்தது.

"அது பாட்டுக்குத்தானே நின்னுச்சு. ஏண்டி அதைச் சுட்ட?"

"நான் சுடலைன்னா என்னை இன்னும் ஓசின்னுதான் நெனப்பாங்க."

"அது என் மூஞ்சிடி."

"தெரியும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் தெருக்கோடியில் இன்னொரு சாம்பல் சட்டை வந்தது. மகள் குறி பார்த்துச் சுட்டாள், தப்பிவிட்டது. எரிச்சலில் உச்சுக்கொட்டினாள்.

"கொஞ்சம் நகரும்மா. உன் மூஞ்சி திரையில விழுது, குறி தப்புது."

நகர்ந்துகொண்டேன். இந்தத் தடவை தப்பவில்லை.