நீட்டிய நாக்கு

ஞானசீலன் உபதேசியாரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை. ஆனால் அவரைத் திட்டுவது சுலபமாக இருக்கிறது.

அறுபத்து நாலாம் வருஷம். தாராவியில் எங்கள் மாதா கோயிலில், ஆண்டவரின் உடலாகிய அப்பத்தைப் பிள்ளைகள் நாக்கில் முதன்முதலாக வைக்கும் புதுநன்மைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. என் மகள் தெரசாவுக்கு எட்டு வயது. வெள்ளைக் கவுன்கூடத் தைத்து வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் கை அவள் பேச்சைக் கேட்காமல் போனது. குழாயடியில் குடத்தைப் போட்டாள். பொத்தான் மாட்ட வரவில்லை. காப்பி வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் கொட்டியது. சும்மா சும்மா முகத்தைச் சுளித்தாள், தோளைக் குலுக்கினாள். கொழுப்பு என்று நினைத்து முதுகில் போட்டேன்.

ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார், பூசையில் வைக்காத வெறும் அப்பத்தை வைத்துப் பிள்ளைகளைப் பழக்குவார். முழங்காலிட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்ட வேண்டும். அப்பத்தைக் கையால் தொடவே கூடாது. தெரசா நீட்டிய நாக்கு சடக்கென்று உள்ளே ஓடிவிடும். அப்பம் தரையில் கிடக்கும். மூன்று நாள் இதே கதை. நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“லூசியம்மா, ஒம் மவ ஆண்டவருக்கு முன்னால நாக்கத் துருத்திக் கேலி பண்ணுதா. வீட்டுல வச்சு நல்லா நாலு போடு. இல்லன்னா இந்த வருசம் அவளுக்கு நன்மை கெடையாது.”

நாலு என்றார். நான் எண்ணவில்லை. கரண்டிக் காம்பால் அடித்தேன். அழும்போதும் அந்த நாக்கு வெளியே வந்து வந்து போனது. எனக்கு இன்னும் வெறி ஏறியது.

மறுநாள் அவளால் நேராக நடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பார்சி டாக்டரம்மா “ஜீப் நிகாலோ” என்று நாக்கை நீட்டச் சொன்னாள். நாக்கு உள்ளே ஓடியது. டாக்டரம்மா திட்டவில்லை. தன் இரண்டு விரலைப் பிடிக்கச் சொன்னாள். பிடி இறுகி இறுகித் தளர்ந்தது. இரண்டு மாதத்துக்கு முன் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்ததா என்று கேட்டாள். வந்தது. மிளகுக் கஷாயத்தோடு முடிந்தது என்று நான் நினைத்த காய்ச்சல். அது விட்டுப்போன வியாதிதான் இது, பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை, மெல்ல அடங்கும், இருதயம் கெடாமலிருக்க மாதாமாதம் ஊசி போட வேண்டும் என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் தெரசா கேட்டாள்: “அம்மா, அப்போ நாக்கு ஆடுனத சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்ல வேண்டாமா? எத்தன தடவன்னு எண்ணி வச்சிருக்கேன்.”

பஸ்ஸைவிட்டு இறங்கினேன். நேரே உபதேசியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நோய்னா சரி. அடுத்த வருசம் பாப்போம். ஆண்டவர் கீழ விழுந்தா யாரு பதில் சொல்லுதது?”

“நான் அவ தாடையப் பிடிச்சிக்கிடுதேன்.”

“நன்மை குடுக்கையில குறுக்க ஒங் கை வரப்படாதும்மா.”

“அடிக்க மட்டும் இந்தக் கை ஒங்களுக்கு வேணுமா இருந்துச்சோ?”

நான் போட்ட சத்தத்தில் பூசை வைக்கும் சாமியாரே அறையைவிட்டு வெளியே வந்தார். விசாரித்தார். பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதுநன்மை அன்று தெரசா வெள்ளைக் கவுனோடு முழங்காலிட்டாள். கண்ணை மூடாமல், பக்கத்தில் நின்ற என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியார் பக்கத்தில் வந்துவிட்டார். தாடையைப் பிடிக்க நான் கையைத் தூக்கினேன்.

அடிக்கத்தான் வருகிறேன் என்று நினைத்து, என் பிள்ளை தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள்.